யாருடைய முத்திரை உடைந்தது?

சென்ற இதழில் கால்புள்ளியைப் பற்றித் தொடங்கியதை இத்திங்கள் முடித்துவிடலாம் என்று எண்ணியிருந்தேன். அதற்குள் தாராவியிலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. கால்புள்ளி ஒரு திங்கள் காத்திருக்கலாம், இக்கடிதம் காத்திருக்கலாகாது.

அவருடைய பெண் ஏழாம் வகுப்பு வரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். இவ்வாண்டு ஆங்கிலப் பள்ளியில் எட்டாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். தந்தையார் தையல் தொழிலாளி. ஊரில் பத்தாம் வகுப்பு வரை படித்தவர். இரவு கடை அடைத்து வந்தபின் பெண்ணுக்கு ஆங்கில இலக்கணம் சொல்லிக் கொடுப்பது அவர் வழக்கம். பள்ளித் தேர்வில் 'தி கேர்ள் வித் தி ரெட் அம்ப்ரெல்லா இஸ் மை சிஸ்டர்' என்ற வாக்கியத்தைத் தந்து, 'வித் தி ரெட் அம்ப்ரெல்லா' எவ்வகைத் தொடர் என்று கேட்டார்களாம். தந்தை சொல்லிக் கொடுத்தபடி 'அட்ஜெக்டிவ் ஃபிரேஸ்' என்று அவள் எழுதினாள். ஆசிரியை அதை அடித்துவிட்டு, 'பிரெபோசிஷனல் ஃபிரேஸ்' என்று சிவப்பு மையால் எழுதினார். பெண் வீட்டுக்கு வந்து, "அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது" என்று அழுதுவிட்டாள். அன்று முதல் அவர் இரவில் அவள் அருகே உட்காருவதில்லையாம். "இருவரில் யார் சொன்னது சரி?" என்று கேட்டிருக்கிறார் தாயார்.

அம்மா, இருவர் சொன்னதும் சரி. இப்படிச் சொல்வதால் பெண்ணுக்கு மதிப்பெண் திரும்பக் கிடைத்துவிடாது என்பதை அறிவேன். ஆயினும் ஏன் இருவரும் சரி என்பதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். நானும் பத்தாம் வகுப்போடு நின்றவன், இரயில்வேயில் எழுத்தர் வேலை பார்ப்பவன், பண்டிதன் அல்லன். படித்தும் பட்டும் அறிந்ததையே எழுதுகிறேன்.

தாராவியில் விடியற்காலையில் தலையில் அடுக்குப் பாத்திரத்துடன் புறப்படுகிறாரே ஒருவர், அவரை அண்டை வீட்டார் 'திருநெல்வேலிக்காரர்' என்பார்கள். அவர் போய் நிற்கும் தெருவில் உள்ளவர்கள் 'இட்லிக்காரர்' என்பார்கள். ஒன்று பிறப்பிடத்தால் வந்த பெயர். மற்றொன்று செய்யும் தொழிலால் வந்த பெயர். ஆள் ஒருவரே. ஆங்கிலச் சொற்றொடருக்கும் இப்படி இரண்டு பெயர்கள் உண்டு. 'வித் தி ரெட் அம்ப்ரெல்லா' என்பது 'வித்' என்னும் முன்னிடைச்சொல்லால் தொடங்குகிறது. ஆதலின் அமைப்பு நோக்கி அது பிரெபோசிஷனல் ஃபிரேஸ். எந்தப் பெண் என்று சுட்டிக் காட்டி, 'கேர்ள்' என்னும் பெயருக்கு அடையாக நிற்கிறது. ஆதலின் தொழில் நோக்கி அது அட்ஜெக்டிவ் ஃபிரேஸ். ஆசிரியை ஊரைச் சொன்னார். தந்தையார் தொழிலைச் சொன்னார். அவ்வளவே.

தந்தையார் படித்த முறை பழைய முறை; ஆனால் பிழையான முறை அன்று. அதற்கும் நாம் பிழைக்க வந்த இந்நகருக்கும் ஓர் உறவு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. நம் நாட்டில் மூன்று தலைமுறையினர் 'ரென் அண்ட் மார்ட்டின்' என்று சுருக்கமாகச் சொல்லும் இலக்கண நூல், 1930களில் பம்பாய்ப் பதிப்பகம் ஒன்றால் வெளியிடப்பட்டது. 'ஹைஸ்கூல் இங்கிலீஷ் கிராமர் அண்ட் காம்போசிஷன்' என்பது அதன் முழுப் பெயர். அதன் ஆசிரியர் இருவரில் ஒருவரான பி.சி. ரென், பம்பாய் மாகாணத்தில் கல்வித் துறையில் பணியாற்றியவர். 1924-ல் வெளியான 'போ ஜெஸ்ட்' என்னும் பாலைவனப் போர்வீரர் கதையை எழுதியவரும் அவரே. இலக்கணம் எழுதியவரா அந்த நாவலையும் எழுதினார் என்று நான் வியந்ததுண்டு. பிற்காலத்தில் அவ்விலக்கண நூலை என்.டி.வி. பிரசாத ராவ் என்பவர் திருத்தி அமைத்தார். நம்மிடையே புழங்குவது பெரும்பாலும் அத்திருத்திய பதிப்பே.

அந்நூல் தொடர்களைத் தொழிலால் பிரிக்கிறது. பெயரின் வேலையைச் செய்தால் நௌன் ஃபிரேஸ், பெயருக்கு அடையானால் அட்ஜெக்டிவ் ஃபிரேஸ், வினைக்கு அடையானால் அட்வர்ப் ஃபிரேஸ். கண்டுபிடிக்கும் வழி நம் மொழியிலேயே இருக்கிறது. 'எந்த?', 'எப்படிப்பட்ட?' என்று கேட்டால் விடையாக வருவது அட்ஜெக்டிவ் ஃபிரேஸ். 'எங்கே?', 'எப்பொழுது?', 'எப்படி?', 'ஏன்?' என்பவற்றுக்கு விடையானால் அட்வர்ப் ஃபிரேஸ். 'எது?', 'எதை?' என்பவற்றுக்கு விடையானால் நௌன் ஃபிரேஸ். 'தி மேன் ஆன் தி பிளாட்ஃபார்ம்' என்றால், எந்த மனிதன் என்பதற்கு விடை. 'ஹீ ஸ்லெப்ட் ஆன் தி பிளாட்ஃபார்ம்' என்றால், எங்கே உறங்கினான் என்பதற்கு விடை. சொற்கள் மூன்றும் மாறவில்லை, தொழில் மாறிவிட்டது.

புதிய முறை, தொடருக்குத் தலைமை தாங்கும் சொல் எது என்று பார்க்கிறது. குவர்க் என்பவரும் வேறு மூவரும் சேர்ந்து 1985-ல் வெளியிட்ட பேரிலக்கணம் ஐந்து வகை கூறுகிறது. தலைமைச் சொல் பெயரானால் நௌன் ஃபிரேஸ், வினையானால் வெர்ப் ஃபிரேஸ். மற்றவை அட்ஜெக்டிவ், அட்வர்ப், பிரெபோசிஷனல் என்பன. இக்காலப் பள்ளிப் புத்தகங்கள் பல இவ்வழியைப் பின்பற்றுகின்றன.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. தந்தைமார் குறித்துக்கொள்ள வேண்டும். 'நௌன் ஃபிரேஸ்' என்ற பெயர் இரண்டு முறைகளிலும் உண்டு. பொருள் மட்டும் வேறு. 'மை ஓல்ட் அம்ப்ரெல்லா' என்பது புதிய முறையில் நௌன் ஃபிரேஸ். 'டு கிராஸ் தி டிராக்ஸ் இஸ் டேஞ்சரஸ்' என்னும் வாக்கியத்தில் 'டு கிராஸ் தி டிராக்ஸ்' என்பதைப் பழைய முறை நௌன் ஃபிரேஸ் என்று சொல்லும். குவர்க் முதலியோர் அதைத் தொடர் என்றே கொள்ளாமல், முற்றாத வினை கொண்ட ஒரு 'கிளாஸ்' என்று வகுக்கிறார்கள். ஆகவே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க உட்காருமுன், அதன் புத்தகத்தில் இவ்வதிகாரத்தின் முதற் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுவது நலம். எந்தப் பெயரை எழுதினால் மதிப்பெண் வரும் என்பதை அப்பக்கம் சொல்லிவிடும்.

பெயர்ச் சண்டை இவ்வளவில் தீர்ந்தது. நம் பிள்ளைகளை உண்மையில் இடறவைப்பது பெயர் அன்று; வரிசை.

நம்மவர் ஊருக்குப் போகும்போது கர்ஜத்தில் வண்டி நிற்பதையும், பின்புறத்தில் எஞ்சின்களைப் பூட்டுவதையும் கண்டிருப்பீர்கள். லோணாவளா வரை மலையேற்றத்தில் அவை வண்டியைப் பின்னிருந்து தள்ளுகின்றன. தமிழ்த் தொடருக்கு எஞ்சின் எப்போதும் பின்னால்தான். 'மாட்டுங்காவில் நேற்று மாலை வாங்கிய மல்லிகைப் பூ' என்பதில் தலைமைச் சொல்லாகிய 'பூ' கடைசியில் நிற்கிறது; மற்றவையெல்லாம் அதற்கு முன்னே கோத்த பெட்டிகள். ஆங்கிலத்திலோ சிறிய அடைமொழிகள் மட்டும் பெயருக்கு முன்னே நிற்கும். நீண்ட அடைகள் யாவும் எஞ்சினுக்குப் பின்னே வரும். மேலும், நாம் 'மேசையின் மேல்' என்று உறவைச் சொல்லும் சொல்லைப் பின்னே வைக்கிறோம். அவர்கள் 'ஆன் தி டேபிள்' என்று முன்னே வைக்கிறார்கள்.

தாராவிப் பிள்ளை வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும், பள்ளியில் மராத்தியும் பேசுகிறது. இந்தியில் 'மேஜ் பர்', மராத்தியில் 'டேபலாவர்'. இரண்டிலும் 'மேல்' என்னும் பொருள் நம்மைப் போலவே பின்னால்தான் வருகிறது. நான்கு மொழிகளில் ஆங்கிலம் ஒன்றே எதிர்த்திசையில் ஓடுகிறது. ஆகையால் பிள்ளை தடுமாறினால், அறிவுக் குறைவு என்று எண்ணித் தலையில் குட்ட வேண்டாம்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். 'தி பாக்ஸ் ஆன் தி ஷெல்ஃப் இன் தி கிச்சன்' என்பதைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படியுங்கள். அடுக்களையில் உள்ள, அலமாரியின் மேல் உள்ள, பெட்டி. இம்மாதிரித் தொடர்களில் வால் முதல் தலை வரை திருப்பினால் தமிழ் வந்துவிடும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போதும் அப்படியே. முதலில் 'பெட்டி'யை எழுது, பிறகு அதை ஒட்டி அலமாரியை எழுது, பிறகு அடுக்களையை எழுது என்று சொல்லிக் கொடுங்கள். ஒவ்வொரு தொடரும் தான் சார்ந்த சொல்லை ஒட்டியே நிற்க வேண்டும். தள்ளி நின்றால் வேறொருவருக்கு உரியதாகிவிடும்.

தள்ளி நின்றால் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு, நானே செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. ஒரு நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் இருந்தேன். பார்சல் ஏற்றிய பெட்டியின் கதவைப் பூட்டி, ஏற்றும் நிலையத்தில் முத்திரை இடுவார்கள். வந்து சேரும் இடத்தில் முத்திரை சரியாக இருக்கிறதா என்று பார்த்த பின்பே கதவைத் திறப்பார்கள். துணிப் பொதிகளின் வாயிலும் அனுப்புவோர் தனியே முத்திரை இடுவதுண்டு. ஒரு நாள் ஒரு பொதியின் தையல் பிரிந்து, சரக்குக் குறைந்திருந்தது. அதை இறக்கிய ஹமால் நம்மவர். ஒப்பந்தக்காரரிடம் நாட்கூலிக்கு வேலை செய்தவர். ஐம்பது வயதிருக்கும், எழுத்தறியாதவர். வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் எழுதித் தரவேண்டும் என்றார்கள். என்னிடம் வந்து, "தம்பி, முத்திரை உடைஞ்சிருந்த பெட்டியிலேருந்துதான் அந்தப் பொதியை எறக்கினேன். நீங்களே எழுதிடுங்க" என்றார்.

நான் எழுதியது இது: 'ஐ அன்லோடெட் தி பேல் வித் தி புரோக்கன் சீல் ஃபிரம் தி வேன்.'

சொற்கள் எல்லாம் சரி. இலக்கணப் பிழை என்று ஒன்றையும் சுட்ட முடியாது. அவர் கைநாட்டு வைத்தார். படித்துக் காட்டவும் செய்தேன். படித்துக் காட்டி என்ன பயன்?

அவர் சொன்னது பெட்டியின் முத்திரை. நான் எழுதியதோ பொதியின் முத்திரை. பெட்டியின் முத்திரை உடைந்திருந்தால், திருட்டு வழியில் நடந்தது; இறக்கியவர் மேல் பழி இல்லை. பெட்டியின் முத்திரை சரியாக இருந்து, பொதி மட்டும் பிரிந்திருந்தால், ஏற்றியவர் மீதும் இறக்கியவர் மீதும் ஐயம் விழும். 'வித் தி புரோக்கன் சீல்' என்னும் நான்கு சொற்களை 'வேன்' என்பதற்குப் பின்னால் வைப்பதற்குப் பதிலாக 'பேல்' என்பதற்குப் பின்னால் வைத்தேன். ஒப்பந்தக்காரர், விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று அவரை நிறுத்திவிட்டார்.

பிழையைக் கண்டுபிடித்தவர் எங்கள் அலுவலகத்தின் மூத்த எழுத்தர், மராத்தியர். என் நகலைப் படித்துவிட்டு, "எந்த முத்திரை? வண்டியினுடையதா, மூட்டையினுடையதா?" என்று ஒரே கேள்வி கேட்டார். எனக்கு உடம்பு வியர்த்துவிட்டது. வண்டி வந்தபோது முத்திரையின் நிலையைக் குறித்த பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். அதில் உடைந்திருந்ததாகவே எழுதியிருந்தது. இரண்டாம் வாக்குமூலம் எழுதினோம். 'ஃபிரம் தி வேன் வித் தி புரோக்கன் சீல்' என்று மாற்றி எழுதப் போனேன். அவர் அதையும் தடுத்தார். "உடைந்த முத்திரையோடு நீ இறக்கினாய் என்று இதையும் ஒருவன் படிக்கலாம். தொடரை விடு, இரண்டு வாக்கியமாக எழுது" என்றார். பெட்டி வந்தபோது அதன் முத்திரை உடைந்திருந்தது என்று ஒரு வாக்கியம். அப்பெட்டியிலிருந்து பொதியை இறக்கினேன் என்று ஒரு வாக்கியம். ஹமால் மீண்டும் வேலைக்கு வந்தார். இடையில் போன பதினொரு நாட் கூலி அவருக்குக் கிடைக்கவேயில்லை. என்னை அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. என் ஆங்கிலம் நல்ல ஆங்கிலம் என்றே கடைசிவரை நம்பியிருந்தார்.

தமிழில் எழுதியிருந்தால் இத்தகைய குழப்பம் வந்திராது என்று சில நண்பர்கள் சொல்வார்கள். அதுவும் முழு உண்மை அன்று. 'முத்திரை உடைந்த பெட்டியின் பொதி' என்று எழுதினால், உடைந்தது பெட்டியின் முத்திரையா, பொதியின் முத்திரையா? தமிழிலும் ஐயம் எழவே செய்கிறது. நம் இலக்கணிகள் இதை நன்கு அறிந்தவர்கள். தொகைநிலைத் தொடர் ஆறு, தொகாநிலைத் தொடர் ஒன்பது என்று வகுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. ஒரு தொகை இரண்டு முதல் ஏழு பொருள் வரை தந்து மயங்கும் என்று எண்ணியே சொல்லிவிட்டார் நன்னூலார். 'மரவேலி' என்றால் மரத்தால் ஆன வேலியா, மரத்தைக் காக்கும் வேலியா? ஆங்கிலத் தொடர் வகைகளைத் தமிழ் வகைகளோடு ஒன்றுக்கு ஒன்று பொருத்திக் காட்டச் சிலர் முயல்வதுண்டு. அது பொருந்தாது, பிள்ளைக்கு இரண்டும் குழம்பிவிடும். தொடர் எதனைச் சார்கிறது என்று பார்க்கும் பழக்கம் மட்டும் இரண்டுக்கும் பொது.

இன்னும் ஓர் இடம் உண்டு. அதில் நம் தமிழே நம்மை வழுக்கி விடுகிறது. 'ஹேவிங் ஃபாலன் இல், தி ஸ்கூல் கேவ் மீ லீவ்' என்று எழுதிய விடுமுறைக் கடிதங்களை நான் கண்டிருக்கிறேன். ஆங்கில முறைப்படி இதற்குப் பொருள், பள்ளிக்கூடமே நோயில் விழுந்து எனக்கு விடுமுறை தந்தது என்பதாகும். 'ஹேவிங்' என்று தொடங்கும் பார்ட்டிசிபிள் தொடரின் எழுவாயும், பின்வரும் முற்றுவினையின் எழுவாயும் ஒன்றாகவே இருக்க வேண்டும். நம் வினையெச்சத்துக்கும் பொதுவிதி அதுவே. ஆனால் 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்று நாம் சொல்கிறோமே! பெய்தது மழை, நிறைந்தது குளம். காரணமும் காரியமுமாக வருமிடத்தில் தமிழ் எழுவாய் மாறுவதை ஏற்றுக்கொள்கிறது. அதே உரிமையை ஆங்கிலத்திலும் எடுத்துக்கொண்டு பிள்ளை எழுதிவிடுகிறது. இதைச் சொல்லிக் கொடுத்தால் அடுத்த முறை எழுதாது. தவறு என்று கோடிட்டால் மட்டும் போதாது. தவறு எங்கிருந்து வந்தது என்றும் சொல்ல வேண்டும். தமிழறிந்த பெற்றோரே அதைச் சொல்ல வல்லவர்.

வெர்ப் ஃபிரேஸைப் பற்றி மிகுதியாகச் சொல்ல இடமில்லை. 'ஹேஸ் பீன் வெயிட்டிங்' என்னும் மூன்று சொற்களும் சேர்ந்து ஒரு வினை. தமிழில் அது 'காத்துக்கொண்டிருக்கிறார்' என்று ஒரே சொல்லாய் முடிந்துவிடுகிறது. 'ஹேஸ்' ஒரு பொருள், 'பீன்' ஒரு பொருள் என்று பிய்த்துப் பார்க்காமல் மூன்றையும் ஒன்றாகப் படிக்கப் பழக்கினால் எட்டாம் வகுப்புக்குப் போதும்.

இனி, கடிதம் எழுதிய தாயாருக்கு. இந்த இதழைத் தங்கள் கணவர் கையில் கொடுங்கள். கீழே நான்கு வாக்கியங்கள் தந்திருக்கிறேன். ஒரு தாளில் நடுவே கோடு போட்டு இரண்டு பத்தியாக்குங்கள். இடப்பக்கம், தொடரின் அமைப்புப் பெயரைப் பெண் தன் பள்ளிப் புத்தகத்தைப் பார்த்து எழுதட்டும். வலப்பக்கம், அத்தொடர் செய்யும் தொழிலையும், அது எந்தச் சொல்லைச் சார்கிறது என்பதையும் தந்தையார் எழுதட்டும். இரண்டு பத்தியும் நிறைந்தால்தான் விடை முழுமை பெறும். ஆகையால் ஒருவர் எழுதி அனுப்பும் தாளை ஏற்பதற்கில்லை.

'தி டெய்லர் நியர் தி ஸ்டேஷன் குளோஸஸ் லேட்.'

'ஷீ வெயிட்டெட் நியர் தி ஸ்டேஷன்.'

'தி கேர்ள் வித் தி லாங் பிளெயிட் வோன் தி ரேஸ்.'

'மை ஃபாதர் மெண்டெட் தி ஷர்ட் வித் தி டோர்ன் பாக்கெட்.'

நான்காவதில் சற்று நின்று யோசிக்கவும். அதில் 'வித்' என்பது சட்டையைச் சார்கிறதா, தைத்த செயலைச் சார்கிறதா என்று என் வீட்டிலேயே வழக்கு நடந்தது. தையல் தெரிந்தவர் எளிதில் சொல்லிவிடுவார். 'டோர்ன் பாக்கெட்' என்பதை எடுத்துவிட்டு 'நீடில்' என்று வைத்தால் என்ன ஆகும் என்பதையும் எழுதி அனுப்புங்கள். விடைகளை அடுத்த இதழில் வெளியிடுவேன். அப்போதாவது கால்புள்ளிக்கு இடம் கிடைக்கிறதா என்று பார்ப்போம்.